பனியனைப் பெட்டியிலிருந்து எடுத்து வையுங்கள்

பொங்கலுக்குக் கம்பெனி ஒரு வாரம் மூடும் என்று தெரிந்தவுடன் திருப்பூர் டீக்கடைகளில் காஷ்மீர்ப் பேச்சு தொடங்கிவிடுகிறது. முன்பெல்லாம் பழனி, ஊட்டி, மிஞ்சினால் மூணாறு. இப்போது கட்டிங் மாஸ்டரின் பையனும் மெர்ச்சண்டைசிங் பார்க்கிற பெண்ணும் கோவையில் விமானம் ஏறி டெல்லி வழியாக ஸ்ரீநகர் போய் இறங்குகிறார்கள். போகிறவர்களில் யாராவது ஒருவர் வந்து கேட்கிற கேள்வி இது: "ஏனுங்கண்ணா, குல்மார்க்ல ஸ்கீ கத்துக்கலாம்னு இருக்கறோமுங்க. எந்த பிராண்டு ஸ்கீ வாங்கறதுங்க?"

ஒன்றும் வாங்க வேண்டாம் தம்பி, உட்காருங்க, டீ சொல்லியிருக்கிறேன். முதல் முறை பனிச்சறுக்குக்குப் போகிறவர் பலகையும் வாங்க வேண்டாம், கோலும் வாங்க வேண்டாம். உடம்பில் ஒட்டுவதை வாங்குங்கள், பனியில் படுவதை வாடகைக்கு எடுங்கள். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டால் பணமும் முழங்காலும் மிஞ்சும். அதைவிட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. கட்டி வைத்த பெட்டியைத் திறந்து பருத்திப் பனியனை எல்லாம் எடுத்து வெளியே வைத்துவிடுங்கள்.

திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு பருத்தியைக் குறை சொன்னால் கோபம் வரும், தெரியும். நூறு வருஷமாக இந்த ஊருக்குச் சோறு போட்டது அதுதான். ஆனால் பருத்தியின் பெரிய குணம் எதுவோ அதுதான் பனியில் பெரிய குற்றம். நூல் வியாபாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு: பருத்தி நூலின் உலர் எடையில் 8.5 சதவீதம் ஈரம் என்று வைத்துத்தான் பில் போடுகிறோம். பாலியஸ்டருக்கு அது 0.4 சதவீதம். சாதாரணக் காற்றில் நிற்கும்போதே இந்த வித்தியாசம் என்றால், வியர்வை கொட்டும்போது எப்படியிருக்கும் என்று பாருங்கள். பருத்தி இழை வியர்வையைத் தனக்குள்ளேயே வாங்கி வைத்துக்கொள்கிறது. சித்திரை வெயிலில் அந்த ஈரம் காயக் காய உடம்பு குளிர்கிறது. அதனால்தான் நமக்குப் பனியன் வரப்பிரசாதம். மைனஸ் 5 டிகிரியிலும் அதே வேலையைத்தான் அது செய்யும். நிறுத்தச் சொன்னால் நிறுத்தாது.

இதற்குள் ஒரு கணக்கும் உண்டு. தண்ணீர் காற்றைவிடக் கிட்டத்தட்ட 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். குளிர்த் துணி எதுவானாலும் அது உண்மையில் சூடு தருவதில்லை. இழைகளுக்கு நடுவே காற்றைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். நனைந்த பருத்தியில் அந்தக் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் உட்கார்ந்துவிடும். பனிச்சறுக்கோ, வியர்க்க வைத்து நிற்க வைக்கிற விளையாட்டு. கற்றுக்கொள்கிறவர் பலகையைத் தோளில் போட்டு மேட்டில் ஏறுவார், விழுவார், எழுவார், வியர்த்து ஊற்றும். பிறகு தன் முறை வரும்வரை வரிசையில் சும்மா நிற்பார். நடுக்கம் பிடிப்பது அந்த நிற்கும் நேரத்தில்தான். குளிர் தாங்காமல் பாதியில் திரும்பி வந்தேன் என்பவரிடம் உள்ளே என்ன போட்டிருந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "நல்ல கனமான காட்டன் பனியன், ரெண்டு" என்பார்.

"அப்ப நம்ம கடைல விக்கற தெர்மல் போதாதுங்களா?" போதலாம், போதாமலும் இருக்கலாம். பாக்கெட்டில் தெர்மல் என்று எழுதியிருப்பது ஒரு உத்தரவாதமும் அல்ல. பல தெர்மல்கள் பருத்தி கலந்தவை. டெல்லிக் குளிரில் ஆபீஸ் போய் வர அவை நன்றாகவே உழைக்கும், ஓடி வியர்த்தால் கைவிடும். பின்கழுத்திலோ இடுப்புத் தையலிலோ இருக்கும் சின்ன லேபிளைப் படியுங்கள். பாலியஸ்டர் 90 சதவீதத்துக்கு மேல், மிச்சம் ஸ்பான்டெக்ஸ் என்றிருந்தால் எடுக்கலாம். மெரினோ கம்பளி என்றால் இன்னும் நல்லது. கம்பளி ஈரத்தை வாங்கிக்கொள்ளும், ஆனால் வாங்கிய பிறகும் சூட்டை விடாது, நாற்றமும் சீக்கிரம் வராது. 17 முதல் 19 மைக்ரான் தடிமன் உள்ள இழை என்றால் தோலில் உறுத்தாது. விலைதான் உறுத்தும். காதர்பேட்டையில் ஏற்றுமதி மிச்சத் துணிகளுக்கு நடுவே சில சமயம் ஐரோப்பிய விளையாட்டு பிராண்டுகளுக்குத் தைத்த உள்ளாடைகள் கிடைக்கும். லேபிளை வெட்டியிருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு சட்டென்று பரவி, விசிறினால் சீக்கிரம் காய்ந்துவிட வேண்டும். நெடுநேரம் ஈரமாகவே நின்றால் அதில் பருத்தி இருக்கலாம்.

கனம் 150 முதல் 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) போதும். கனமாக ஒன்று போடுவதைவிட மெல்லிசாக இரண்டு போடுவது மேல். வியர்த்தால் ஒன்றைக் கழற்றலாம். தையலையும் பாருங்கள். தோள்பட்டையில் ஓவர்லாக் தையல் மேடு தட்டி நின்றால் முதுகுப்பை வார் அதன்மேல் அழுத்தி நாள் முழுக்க அறுக்கும். நான்கு ஊசி ஆறு நூல் மெஷினில் இரண்டு துணியையும் ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தட்டையாக அடித்திருப்பார்களே, அதுதான் வேண்டும். கால்சட்டை விஷயத்தில் இன்னொன்று: ஸ்கீ பூட்டுக்குள் காலுறையைத் தவிர வேறு எந்தத் துணியும் போகக் கூடாது. நல்ல ஸ்கீ உள்ளாடைகள் முக்கால் நீளத்தில் கெண்டைக்காலோடு நின்றுவிடுவது இதற்காகத்தான். முழு நீளம்தான் கிடைத்தது என்றால் கவலை எதற்கு? நம் ஊரில் அதை வெட்டி மடித்து அடித்துத்தர ஒரு டீ நேரம் போதும்.

உள்ளாடைக்கு மேலே ஃபிளீஸ். இங்கே திருப்பூர்க்காரர்கள் வழக்கமாகச் சறுக்குகிறார்கள். நம் கம்பெனிகளில் ஃபிளீஸ் என்றால் மூன்று நூல் போட்டு ஓட்டி, உள்பக்கம் பிரஷ் அடித்த பருத்தித் துணி. ஹூடி தைப்பது அதில்தான். அது 300 ஜி.எஸ்.எம். பருத்தி, அதாவது பனியனைவிட மோசம். வேண்டியது பாலியஸ்டர் போலார் ஃபிளீஸ். அதற்கும் மேலே காற்றும் தண்ணீரும் புகாத மெல்லிய மேலங்கி. குல்மார்க் அடிவாரத்துத் தங்மார்க்கில் வண்டி நின்றவுடன் வாடகைக்கு நீட்டுவார்களே முழங்கால்வரை தொங்கும் கோட்டும் ரப்பர் கம்பூட்ஸும், அவை பனியில் நின்று போட்டோ எடுப்பதற்கு. அவற்றைப் போட்டுக்கொண்டு பலகையில் ஏற முடியாது.

பலகைக்கு வருவதற்கு முன் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். குல்மார்க் புல்வெளி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர். நம்ம தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். கிட்டத்தட்ட ஒரே உயரம்! ஆனால் ஊட்டியில் மார்கழி விடியலில் புல்மேல் உறைபனி படர்வதோடு சரி. குல்மார்க் 34 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது, மேற்கிலிருந்து வரும் குளிர்காலக் காற்றுச் சுழல்கள் ஈரத்தைக் கொண்டுவந்து பனியாகக் கொட்டுகின்றன. அவை வராவிட்டால் பனியும் இல்லை. 2024 ஜனவரியில் குல்மார்க் சரிவுகள் காய்ந்த புல்லாகக் கிடந்த படங்கள் நினைவிருக்கலாம். ஆகவே பொங்கல் லீவை நம்பி எல்லாவற்றையும் முன்பணம் கட்டிவிடாதீர்கள். ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி முடியும்வரை கூடுதல் நம்பிக்கையான காலம். ரோப்கார் முதல் கட்டத்தில் கொங்டோரி வரையும், இரண்டாம் கட்டத்தில் 4,000 மீட்டரை நெருங்கும் அஃபர்வத் வரையும் ஏறுகிறது. புதியவருக்கு அந்த இரண்டாம் கட்டத்தில் வேலையே இல்லை. அங்கிருந்து இறங்கும் சரிவுகள் செப்பனிடப்படாதவை, பனிச்சரிவு அபாயம் உள்ளவை. 2024 பிப்ரவரியில் அங்கே ஒரு வெளிநாட்டுப் பயணி பனிச்சரிவில் இறந்தார்.

குல்மார்க் மட்டும்தானா என்றால், இல்லை. உத்தராகண்டில் ஜோஷிமட்டுக்கு மேலே அவுலி இருக்கிறது. 2011இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டி நடந்த இடம். கட்வால் மண்டல் விகாஸ் நிகம் அங்கே 7 நாள், 14 நாள் வகுப்புகள் நடத்திவந்திருக்கிறது. 2023இல் ஜோஷிமட் ஊரே நிலம் தாழ்ந்து விரிசல் விட்டதால் ரோப்வே நிறுத்தப்பட்டது. போகுமுன் இன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். மணாலியில் அடல் பிகாரி வாஜ்பாயி பெயரிலுள்ள மலையேற்றக் கழகம் சோலாங் சரிவில் கற்றுத்தருகிறது. குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் பனிச்சறுக்கு, மலையேற்றக் கழகம் ஒன்று உண்டு. இந்த அரசு வகுப்புகளில் பெரும்பாலும் பலகை, பூட், கோல் எல்லாம் கட்டணத்திலேயே அடங்கிவிடும். ஓட்டல் வாசலில் கையைப் பிடித்து இழுத்து ஒரு மணி நேரத்தில் கற்றுத்தருகிறேன் என்பவரிடம் கொடுக்கும் பணத்தைவிட இது பல மடங்கு பயன். குல்மார்க்காரர்களுக்குப் பனிச்சறுக்கு புதிய தொழில் அல்ல. பெய்ஜிங்கில் 2022இல் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகப் போன ஆரிஃப் கான் அந்த ஊர்ப் பக்கத்துக்காரர்தான். அவர் அப்பாவுக்கு அங்கே ஸ்கீ சாமான் கடை. பையன் பலகையோடே வளர்ந்தார். ஜயன்ட் ஸ்லாலமில் 45ஆவது இடம் பிடித்தார். அந்த இடத்தைச் சிறியது என்று நினைக்கிறவர் முதலில் ஒரு முறை நேராக நின்று காட்டட்டும்.

சரி, பூட். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பலகை சுமாராக இருந்தாலும் சமாளிக்கலாம், பூட் சரியில்லை என்றால் அன்றைய நாள் போச்சு. ஸ்கீ பூட் என்பது வெளியே கெட்டிப் பிளாஸ்டிக் ஓடு, உள்ளே கழற்றக்கூடிய மெத்தை உறை. நடப்பதற்குச் செய்ததல்ல, முழங்காலை முன்னே சாய்த்தால் அந்த அசைவு சிந்தாமல் பலகைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகச் செய்தது. அதனால் அது இறுக்கமாகத்தான் இருக்கும். நமக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம், வளர்கிற பிள்ளை என்று பள்ளிக்கூட ஷூவை ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது. அதே புத்தியோடு பெரிய பூட்டைக் கேட்டு வாங்குகிறோம். குதிகால் உள்ளே மேலும் கீழும் ஆடும், பலகை சொன்ன பேச்சைக் கேட்காது, ஆடுகிற காலை அடக்கக் கொக்கிகளை இன்னும் இறுக்குவோம், ரத்த ஓட்டம் நின்று விரல் மரத்துப்போகும். பூட் சின்னது என்று அப்போதும் புலம்புவோம். உண்மையில் அது பெரியது.

ஸ்கீ பூட்டுக்கு 8, 9 என்ற செருப்புக்கடை எண் கிடையாது. பாதத்தின் நீளம் சென்டிமீட்டரில், 26.5 என்றால் 26.5 சென்டிமீட்டர் பாதம். வீட்டிலேயே அளந்துகொண்டு போங்கள். சுவரில் குதிகாலை ஒட்டி ஒரு தாளின்மேல் நின்று, நீளமான விரல் நுனியில் பென்சிலால் கோடு போடுங்கள். இரண்டு காலையும் அளங்கள். கடையில் உள்ளுறையைக் கழற்றச் சொல்லி, வெறும் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல் முன்னால் லேசாகத் தொடும்படி நில்லுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் அது உங்கள் ஓடு. பிறகு உறையைப் போட்டுக் கொக்கி மாட்டுங்கள். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி இடிக்க வேண்டும், முழங்காலை மடக்கினால் பின்வாங்க வேண்டும். அகலம் நமக்குத் தனிப் பிரச்சினை. தென்னிந்தியாவில் வெறுங்காலோடு வளர்ந்தவர்களின் பாதங்களை அளந்து பெல்ஜிய ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வு, ஷூவுக்குள் வளர்ந்த பாதங்களைவிட அவை அகலமானவை என்று காட்டியது. ஐரோப்பியக் கம்பெனிகள் ஒரே நீளத்திலேயே 98 மில்லிமீட்டர் முதல் 102, 104 வரை அகலம் வைத்துப் பூட் செய்கின்றன. விரல் மேடு பக்கவாட்டில் நெரிகிறது என்றால் நீளத்தைக் கூட்டாதீர்கள், அகலமான மாடலைக் கேளுங்கள். பூட் எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்பதற்கு ஒரு எண் இருக்கும், 60 முதல் 130 வரை. கற்றுக்கொள்ளும் ஆணுக்கு 70 முதல் 90, பெண்ணுக்கு 60 முதல் 80. எண் கூடினால் கடினம். கெத்துக்காக 120 கேட்பவர்கள் கெண்டைக்கால் வலியோடு திரும்புவார்கள்.

காலுறை ஒன்றே ஒன்று. மெல்லியது, முழங்கால்வரை ஏறுவது, கம்பளியோ நைலான் கலப்போ. குளிர்கிறது என்று இரண்டு ஜோடி மாட்டினால் பூட்டுக்குள் காற்றுக்கு இடமே இருக்காது, கால் இன்னும் குளிரும். இந்தக் காலுறை குல்மார்க்கில் தேடினால் கிடைக்கும் என்று இருக்காதீர்கள். மூன்று ஜோடி வாங்கிப் பெட்டியில் வையுங்கள்.

பலகைக்கு அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. செங்குத்தாக நிறுத்தினால் தாடைக்கும் மூக்குக்கும் இடையில் வரும் நீளம். நடுப்பகுதியின் அகலம் 70 முதல் 80 மில்லிமீட்டர். குல்மார்க் ஆழமான புதுப்பனிக்குப் பெயர் போனது, அதற்காக வருகிறவர்கள் 100 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான பலகை கேட்பார்கள். கடைக்காரர் அதில் ஒன்றை நல்ல புது அயிட்டம் என்று உங்களுக்கும் நீட்டலாம். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அகலப் பலகையை ஓரத்திலிருந்து ஓரத்துக்குச் சாய்ப்பது மெதுவான, கடினமான வேலை. எடுக்கும் முன் திருப்பிப் போட்டு அடிப்பரப்பைப் பாருங்கள். வெளுத்து நரைத்துக் கிடந்தால் மெழுகு கண்டு நாளாகிவிட்டது. உலோக விளிம்பில் நகத்தை வைத்துக் குறுக்கே இழுங்கள், நகம் மெலிதாகச் சீவப்பட வேண்டும்.

ஆனால் பைண்டிங் பக்கம் வந்தால் நின்று நிதானமாகப் பாருங்கள். பூட்டைப் பலகையோடு பிடித்து வைப்பது அது. வேண்டிய நேரத்தில் விட்டுவிடுவதும் அதுதான். விழும்போது கால் முறுகினால் முன்பிடி பக்கவாட்டில் திறக்க வேண்டும், முன்னால் கவிழ்ந்தால் பின்பிடி மேல்நோக்கித் திறக்க வேண்டும். எவ்வளவு விசையில் திறக்க வேண்டும் என்பதற்குத்தான் அதன் மேலே சின்ன ஜன்னலில் எண் தெரியும். அந்த எண்ணை உங்கள் எடை, உயரம், வயது, பூட் அடிப்பாகத்தின் நீளம், நீங்கள் எப்படி ஓட்டுகிறவர் ஆகிய ஐந்தையும் வைத்து ஒரு அட்டவணையில் பார்த்து வைக்க வேண்டும். இதற்குச் சர்வதேசத் தரமே இருக்கிறது, ஐ.எஸ்.ஓ. 11088. கூட்டமான கடையில் முந்தின வாடகைக்காரருக்கு வைத்த எண்ணிலேயே உங்களை அனுப்பிவிடுவது நடக்கக்கூடியது. 90 கிலோக்காரருக்கு வைத்த பிடி 55 கிலோ பெண்ணின் காலை விடாது, முழங்காலின் தசைநார்தான் முதலில் விடும். ஆகவே வெட்கப்படாமல் கேளுங்கள்: "என் எடைக்கு வைத்தீர்களா?" எடையை உண்மையாகச் சொல்லுங்கள், கல்யாணத் தரகரிடம் சொல்கிற மாதிரி வேண்டாம். நீங்களாக ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் திருகவும் வேண்டாம். மாட்டும்போது பூட் அடியில் ஒட்டியிருக்கும் பனியைக் கோலால் தட்டிவிடுங்கள். ஒரு விரற்கடைப் பனி இருந்தாலே பிடி சரியாக உட்காராது.

சுவிட்சர்லாந்தில் ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்கு இதெல்லாம் பழகிப்போன விஷயம். அங்கே பல பள்ளிக்கூடங்கள் குளிர்காலத்தில் பிள்ளைகளை ஸ்கீ முகாமுக்கு அழைத்துப் போகும். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ பிறந்த அப்பா பனியைப் பார்த்தது பெரியவரான பிறகுதான், பிள்ளையோ ஏழு வயதில் சறுக்குகிறது. வருஷத்துக்கு ஒரு சைஸ் வளரும் பிள்ளைக்கு யாரும் புதுப் பலகை வாங்குவதில்லை. கடைகளில் சீசன் முழுவதற்கும் சேர்த்து வாடகைக்குத் தருகிறார்கள், இலையுதிர் காலத்தில் பழைய சாமான் சந்தையும் கூடும். விபத்துத் தடுப்புக்கான அந்நாட்டு நிறுவனம் பைண்டிங்கை ஆண்டுதோறும் சோதிக்கச் சொல்கிறது. சோதித்ததற்கு அடையாளமாகப் பலகையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். நம் ஊர் வாடகைக் கடைகளிலும் அந்த ஸ்டிக்கர் வர வேண்டும்.

தலைக்கவசமும் கண்ணாடியும் வாங்கலாம், வாடகைக்கும் எடுக்கலாம். தலைக்கவசத்தின் உள்ளே ஈ.என். 1077 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். பைக் ஹெல்மெட் இதற்கு ஆகாது. புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், உயரம் ஏற ஏறக் கதிரும் கூடும். கண்ணாடி இல்லாமல் ஒரு பகல் ஓட்டினால் இரவில் கண்ணில் மணல் கொட்டியதுபோல எரியும். கறுப்பாகப் பிறந்த நமக்கு சன் ஸ்கிரீன் எதற்கு என்பவர் மூக்குத் தோல் உரிந்து வருவார்.

சிலர் கற்றுக்கொண்டு, பித்துப் பிடித்து, அடுத்த வருஷமே சொந்தமாகப் பலகை வாங்கிவிடுகிறார்கள். அவர்களுக்கு இனிச் சொல்வது. பராமரிப்பில் பெரிய வேலை மெழுகு போடுவது. பலகையின் அடிப்பரப்பு ஒரு வகைப் பாலிஎதிலின். வெறுமனே விட்டால் காய்ந்து பனியைப் பிடித்து இழுக்கும். உராய்வைக் குறைக்க மெழுகு என்பது திருப்பூருக்குப் புதிதா என்ன? ஸ்பின்னிங் மில்லில் பின்னலாடைக்கான நூலைக் கோனில் சுற்றும்போது ஒரு பாரபின் மெழுகு வில்லையில் உரசிக்கொண்டு போக விடுகிறார்கள். அந்த மெழுகு இல்லாத நூலைப் பின்னல் மெஷினில் போட்டால் ஊசியில் மாட்டி அறுந்துகொண்டே இருக்கும், துணியில் ஓட்டை விழும். பலகைக்குப் போடும் சாதா மெழுகும் பெட்ரோலியத்திலிருந்து வரும் அதே குடும்பம்தான். சூடான இஸ்திரியில் மெழுகுக் கட்டியை வைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டு, அதே இஸ்திரியால் தேய்த்துப் பரப்பி, நன்றாக ஆறவிட்டு, பிளாஸ்டிக் சீவுளியால் சீவி, நைலான் பிரஷ் போட வேண்டும். 120 முதல் 140 டிகிரிக்குள் மெழுகு பாக்கெட்டில் எந்தச் சூடு போட்டிருக்கிறதோ அது. மெழுகு புகைந்தால் சூடு அதிகம். இஸ்திரியை ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது. பாலியஸ்டர் பிரிண்டின்மேல் ஒரு நொடி கூடுதலாக நின்றால் என்ன ஆகும் என்று எந்த அயர்ன் மாஸ்டரைக் கேட்டாலும் சொல்வார். ஓட்டை வைத்த ஸ்டீம் இஸ்திரி வேண்டாம், ஓட்டைகளில் மெழுகு போய் அடைத்துக்கொள்ளும். சட்டை தேய்க்க அது மறுபடி உதவாது.

மெழுகில் இன்னொரு கதை இருக்கிறது, அது நம் ஊர்ச் சாயப்பட்டறைக்கும் வந்து சேர்கிற கதை. பந்தயக்காரர்கள் பல காலம் ஃபுளோரின் கலந்த மெழுகு போட்டார்கள். வேகம் கூடியது. ஆனால் அந்த வேதிப்பொருள்கள் மண்ணிலும் தண்ணீரிலும் சிதையாமல் தங்கிவிடுகின்றன. சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 2023-24 பருவத்திலிருந்து போட்டிகளில் அவற்றை முழுவதுமாகத் தடை செய்துவிட்டது. இதே குடும்பத்து வேதிப்பொருள்தான் மழை அங்கிகளில் தண்ணீர் முத்தாக உருண்டோடப் பூசப்படுவது. பிரான்ஸ் 2025இல் போட்ட சட்டம் துணி, காலணி, அழகுசாதனம், ஸ்கீ மெழுகு நான்கையும் ஒரே வரிசையில் வைத்து, 2026 ஜனவரி முதல் அவற்றில் இந்தப் பொருள்கள் இருக்கக் கூடாது என்கிறது. பையர்கள் அனுப்பும் தடைப் பட்டியலில் ஃபுளோரின் பெயர்கள் ஏன் நீண்டுகொண்டே போகின்றன என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். நொய்யல் சாயமாக ஓடியதையும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் பார்த்த ஊருக்கு, தண்ணீரில் கலந்ததைத் திரும்ப எடுக்க என்ன செலவாகும் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நீங்கள் வாங்கும் மெழுகும் மேலங்கியும் ஃபுளோரின் இல்லாதவையாக இருக்கட்டும். பொழுதுபோக்குக்கு ஓட்டுகிறவருக்கு அந்த வேகம் எதற்கு?

விளிம்பு எஃகு, துரு பிடிக்கும். ஒவ்வொரு நாளும் ஓட்டி முடித்தவுடன் துணியால் துடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தீட்டுவதைக் கோணம் பிடிக்கும் கருவி இல்லாமல் வெறும் அரத்தால் செய்யாதீர்கள். பூட்டின் உள்ளுறையைத் தினமும் கழற்றிக் காய வையுங்கள். ஹீட்டர் மேலேயோ அடுப்புப் பக்கமோ வேண்டாம். உள்ளாடையையும் மேலங்கியையும் துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் ஊற்றக் கூடாது. இழைமேல் படலமாகப் படிந்து வியர்வையைக் கடத்துவதைக் கெடுத்துவிடும். வீட்டில் அம்மாவிடமும் இதைச் சொல்லி வையுங்கள். நல்ல வாசனை வரட்டும் என்று பாசத்தில் ஊற்றிவிடுவார்கள்.

திருப்பூரில் வைத்திருப்பதுதான் பெரிய சவால். பனிக்காக வார்த்த சாமான் பத்து மாதம் நம் வெயிலில் கிடக்க வேண்டும். தகரக் கூரைக்கு அடியிலுள்ள பரணில் போட்டீர்கள் என்றால் சித்திரை, வைகாசியிலேயே பலகையின் பசை இளகத் தொடங்கிவிடும். வீட்டின் உள் அறையில், தரையோடு ஒட்டிய இடத்தில், கனமாக மெழுகு பூசிச் சீவாமல் விட்டு, இரண்டு பலகையையும் இறுக்கிக் கட்டாமல் தளர்வாக வையுங்கள். பூட்டைக் கொக்கி மாட்டி வையுங்கள், இறுக்காமல். இல்லையென்றால் ஓடு வாய் பிளந்து அப்படியே நின்றுவிடும். பாலியூரித்தேன் ஓடுகள் ஈரத்தாலும் சூட்டாலும் உள்ளுக்குள்ளேயே சிதைந்துகொண்டிருக்கும். பரணில் பல வருஷம் கிடந்த ஷூவைப் போட்டு நடந்ததும் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்ந்ததைப் பார்த்திருப்பீர்களே, அதே சிதைவுதான். ஷூ உதிர்ந்தால் செருப்போடு வீட்டுக்கு வந்துவிடலாம். பூட் சரிவின் நடுவில் உடைந்தால் அப்படியல்ல. அதனால் பத்து வயதான பூட் இலவசமாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

பயணத்துக்கு இரண்டே சொல். ப்ரீபெய்ட் சிம் வெளிமாநிலத்துக்காரர்களுக்கு ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது; குழுவில் ஒருவராவது போஸ்ட்பெய்ட் வைத்திருங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது பனிச்சறுக்குக்கும் பொருந்துமா என்று படித்துப் பாருங்கள், பல பாலிசிகள் சாகச விளையாட்டு என்று ஒதுக்கிவிடும்.

கடைசியாக, இந்த டீக்கடைக்கு வருகிற உற்பத்தியாளர்களிடம் ஒரு கோரிக்கை. ஐரோப்பாவுக்குப் போகும் பாலியஸ்டர் உள்ளாடையில் இழை விகிதத்தையும் கனத்தையும் துல்லியமாக அச்சிட்டு அனுப்புகிறீர்கள். உள்நாட்டுக்கு விற்கும் பாக்கெட்டில் தெர்மல் என்று பெரிய எழுத்தில் போட்டு, குளிர்ப் பிரதேசப் படம் ஒன்றைப் போட்டுவிடுகிறீர்கள். லடாக்கில் காவல் நிற்கிற பையனும் வாங்குவது அதே பாக்கெட்டைத்தான். பருத்தி எத்தனை, பாலியஸ்டர் எத்தனை, ஜி.எஸ்.எம். எவ்வளவு என்று அட்டையின் முன்பக்கத்திலேயே தமிழிலும் இந்தியிலும் போடுங்கள்.